பினாங்கில் ஒரு பழைய பூக்கூடை

வாடின பூவைப் படம் எடுக்கிற இந்தப் பைத்தியம் வீட்டு வாசல் செம்பருத்தியில்தான் தொடங்கியது. 1960 முதல் மலேசியாவின் தேசிய மலர் அது. ஆனால் ஆயுசு ஒரே நாள்தான். சாயங்காலம் குடை மடக்குகிற மாதிரி இதழைச் சுருட்டிக்கொள்ளும். விரிந்த பூவை விட அந்தச் சுருட்டலைத்தான் எனக்குப் படம் எடுக்கப் பிடித்தது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் இ.டி.எஸ். விரைவு ரயில் ஏறினேன். பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரியில் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் போய்ச் சேர மதியம் தாண்டிவிட்டது. பூப்படம் எடுக்கிறவன் விடியற்காலையில் போவான். வாடின பூவுக்கு மதியமே சரி.

லெபோ குயின் தெருவின் மகா மாரியம்மன் கோயில் 1833இல் கட்டியது. அந்த வட்டாரப் பூக்கடை ஒன்றில், மேசைக்கடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய முந்தின நாள் மாலைகள்.

"அக்கா, இதைப் படம் எடுத்துக்கலாமா?"

"நல்ல மாலை மேல தொங்குது தம்பி. இது குப்பைக்குப் போறது." ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "ஃபேஸ்புக்ல போட்டு, பழைய பூ விக்கிறாங்கன்னு எழுதப் போறியா?"

நியாயமான சந்தேகம். கடை தெரியாமல் எடுக்கிறேன் என்றேன். அவரே கூடையை ஐந்தடியின், அதாவது கடை முன் கூரையிட்ட நடைபாதையின், ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். நிழலும் வெளிச்சமும் கலக்கிற இடம்; வாடின பூவுக்கு அதைவிட நல்ல ஸ்டூடியோ கிடையாது.

சிவப்பு ரோஜா ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தது. மல்லிகையின் நுனியில் தேத்தண்ணிக் கறை போல ஒரு பழுப்பு. கேமராவை அதன் போக்கில் விட்டால் பழுப்பை வெளுத்துவிடுகிறது. வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தேன். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று தமிழ்ப்பள்ளியில் ஒப்பித்தது ஞாபகம் வந்தது. வாடிப்போன கடைசி நிலைக்குச் செம்மல் என்று பெயர். பெரிய மனிதரைச் சொல்கிற அதே சொல்! யார் வைத்தார்களோ, ரசிகர்.

கிட்டப் போனதும்தான் பூ கட்டின நாரைப் பார்த்தேன். புதுச்சரத்தில் அது கண்ணில் படாது. பூ சுருங்கினதும் முடிச்சு முடிச்சாக வெளியே வந்து நிற்கிறது. இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு, நடுவில் ஒரு சுருக்கு. அதையே இருபது படம் எடுத்திருப்பேன்.

5 வெள்ளிக்கு (ரிங்கிட்) பூ வாங்கிக்கொண்டு, திரையில் ஒரு படத்தைப் பெரிதாக்கி அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது நான் கட்டினது இல்லை. என் மக கட்டினது. பாரு, எவ்வளவு இடைவெளி விட்டிருக்கா!"