பழைய வால்போஸ்டர்: அசலா, ரீ-ரிலீஸா, டிஜிட்டல் நகலா?

பழைய தமிழ்ப் பட போஸ்டர் வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது பழுப்பு. நகல் அடிப்பவருக்கும் இது தெரியும். டீத் தண்ணீரில் நனைத்து வெயிலில் போட்டால் ஒரே மதியத்தில் தாளுக்கு ஐம்பது வயது கூடிவிடும். ஆனால் டீக்கறை தாள் முழுக்க ஒரே மாதிரிப் பரவும். தண்ணீர் தேங்கிக் காய்ந்த இடத்தில் கோடு கட்டும். காற்றுப் பட்டுத் தானாகப் பழுத்த தாள் ஓரத்திலிருந்தும் மடிப்பிலிருந்தும் உள்ளே நகரும், நடுப்பகுதி வெளுப்பாகவே இருக்கும்.

பழுப்பை விடுங்கள். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். அதை ஹீரோ முகத்தில் வைக்காமல், அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கிற வரியில் வையுங்கள். ஆஃப்செட்டில், அதாவது தகட்டிலிருந்து ரப்பர் உருளை வழியாகத் தாளுக்கு மை இறக்கும் அச்சில், ஓடிய அசலில் அந்தக் கறுப்பு எழுத்து ஒரே மையில், வெட்டிவைத்தது போன்ற விளிம்போடு இருக்கும். ஸ்கேன் செய்து மறுபடி அடித்ததில் அதே எழுத்து நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு எனப் பல நிறப் புள்ளிகளாகச் சிதறி, ஓரம் பஞ்சு பஞ்சாகத் தெரியும். படத்தின் தலைப்பை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். தலைப்பு பெரும்பாலும் ஓவியர் கையால் எழுதி, படத்தோடு சேர்த்துப் பிடிக்கப்பட்டது. அசலிலேயே அதில் புள்ளி இருக்கலாம்.

இனி முகத்துக்கு வரலாம். ஆஃப்செட் புள்ளிகள் வரிசை தப்பாமல், சின்னப் பூ மாதிரிக் கூடியிருக்கும். இங்க்ஜெட் புள்ளிகள் கோலப்பொடி தூவினாற்போல. புள்ளியை ஸ்கேன் செய்து அதன்மேல் புதுப் புள்ளி விழுந்தால், வழவழப்பான கன்னத்தில் பட்டுத்துணி நெளிவு போல அலை ஓடும். கல் அச்சு, அதாவது லித்தோ என்று சொல்லி விற்றால், அதில் கிரேயான் தேய்த்தது போன்ற சொரசொரப்புத்தான் இருக்க வேண்டும். ஒழுங்கான நிறப்புள்ளி வரிசை தெரிந்தால் அது லித்தோவின் நகல்.

டிஜிட்டல் நகலைவிட அதிகம் ஏமாற்றுவது ரீ-ரிலீஸ் போஸ்டர். தாள் பழசு, மை பழசு, எல்லாம் நிஜம். வருடம் மட்டும் பொய். இங்கே லென்ஸ் உதவாது, வாசிக்கத்தான் வேண்டும். சிவாஜிக்கு பத்மஸ்ரீ கிடைத்தது 1966-ல். ‘கர்ணன்’ வந்தது 1964-ல். அந்தப் பட போஸ்டரில் ‘பத்மஸ்ரீ’ இருந்தால் அது முதல் வெளியீட்டுக்கு அடித்ததல்ல. 1965 படத்தின் போஸ்டரில் எம்.ஜி.ஆருக்கு ‘பாரத்’ பட்டம் போட்டிருந்தாலும் கதை அதேதான். அந்தப் பட்டத்தை வாங்கித் தந்த ‘ரிக்‌ஷாக்காரன்’ வந்ததே 1971-ல். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. அதற்கு முன் ‘சென்னை-2’ என்று முடிந்துவிடும். தணிக்கையில் யு/ஏ சான்றிதழ் 1983-க்கு முன் கிடையாது.

எழுத்தும் ஒரு சாட்சி. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை எல்லாவற்றிலும் ஐகாரக் குறி தனியாக நிற்காமல், எழுத்தோடு ஒட்டி யானை போலத் தும்பிக்கை தூக்கி நிற்கும். ணா, றா, னா சுழிந்து ஒட்டியிருக்கும். 1960-களின் போஸ்டர் என்று சொல்லி, அச்செழுத்து வரிகளில் இன்றைய ‘லை’ இருந்தால் சந்தேகப்படுங்கள். பெரியார் 1935-லேயே ‘விடுதலை’யில் புது எழுத்தைப் புகுத்திவிட்டார் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. தும்பிக்கை இருப்பதாலேயே அசலாகிவிடாது என்பதும் உண்மை. ஸ்கேனரும் தும்பிக்கையை அப்படியே பிடிக்கும்.

அளவு சட்டென்று முடிகிற விஷயம். 30-க்கு 40 அங்குலம் வழக்கமான அளவு. பெரியவை பல தாள் சேர்த்து ஒட்டுபவை. 12-க்கு 18, 13-க்கு 19 என்று நீட்டினால் அது டிஜிட்டல் பிரிண்ட் கடையின் தாள் அளவு. நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

மடிப்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். விநியோகஸ்தர் அலுவலகத்தில் மடித்துக் கிடந்த தாளில் மடிப்பின் முதுகில் மை உதிர்ந்து நார் தெரியும், விரலுக்கும் தட்டுப்படும். நகலில் மடிப்பும் அச்சாகவே இருக்கும்; தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். இருட்டறையில் 365 நானோமீட்டர் யுவி டார்ச் அடித்தால், வெண்மையூட்டி கலந்த இன்றைய தாள் நீலமாய் ஒளிரும். பழைய மலிவுத் தாள் மங்கலாகவே கிடக்கும். ஒட்டுப்போட்ட இடம் மட்டும் ஒளிர்ந்தால் அது பின்னாளைய பழுது, பயப்பட வேண்டாம். ஓரத்தில் ஈரப் பஞ்சு வைத்து மை கரைந்தால் இங்க்ஜெட். கரையாவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை, லேசர் மையும், சில இங்க்ஜெட்டில் வரும் பிக்மெண்ட் மையும் கரையாது.

பின்பக்கம் துணி ஒட்டி வந்த போஸ்டரின் விலையைப் பேசும் முன், ஒட்டுவதற்கு முன்பு எடுத்த பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். மெல்லிய தாளில் மை பின்னால் ஊறித் தெரியும். அடுக்கி வைத்த இன்னொரு போஸ்டரின் மை ஒட்டிய நிழலும் சில சமயம் இருக்கும். துணி ஒட்டினால் இரண்டும் மறைந்துபோகும். ஆன்லைன் என்றால் நான்கு படம்: அச்சக வரி நெருக்கத்தில், ஒரு மடிப்பு சாய்ந்த ஒளியில், பின்பக்கம் முழுதாக, அளவுநாடா வைத்த ஓரம். முன்பக்கத்தையே ஆறு கோணத்தில் அனுப்புகிறவரிடம் பணத்தை அனுப்பாதீர்கள்.