மாவுப் பொட்டலமும் மகுடமும்

1970 நவம்பர் 20, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். உலக அழகிப் போட்டி மேடையில் அமெரிக்க நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் பெண்களை மாடுகளோடு சேர்த்துப் பேசி ஜோக் அடிக்கிறார். பார்வையாளர்களோடு உட்கார்ந்திருக்கும் பெண் விடுதலைப் போராளிகளிடமிருந்து கிலுகிலுப்பைச் சத்தம் எழுகிறது. அதுதான் சைகை. மாவுப் பொட்டலங்களும் துண்டறிக்கைகளும் பறக்கின்றன. மனிதர் ஓடப் பார்க்கிறார். என்ன துணிச்சல் அந்தப் பெண்களுக்கு!

அன்று பட்டம் வென்றவர் கரீபியன் தீவு நாடான கிரெனடாவின் ஜெனிஃபர் ஹோஸ்டன், முதல் கறுப்பின உலக அழகி. இந்தச் சம்பவத்தை வைத்து எடுத்த ‘மிஸ்பிஹேவியர்’ (2020) படத்தில் அவரும் போராளி சாலி அலெக்சாண்டரும் கழிவறையில் நேருக்கு நேர் பேசிக்கொள்வார்கள். சாலிக்கு இருக்கும் வாய்ப்புகள் ஹோஸ்டனுக்கு இல்லை. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. போராட்டத்தை மட்டும் கொண்டாடிவிட்டுப் போகாமல் இதையும் காட்டியதால்தான் எனக்கு இந்தப் படம் அவ்வளவு பிடிக்கும். அவசியம் பாருங்கள்.