வாட்டில் மூன்று மொழி: முதல் வேலை தேடும் தாதியருக்கு

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்திலிருந்து படித்து வந்தவள் நான். தனியாரிடம் தாதியர் பயிற்சி முடித்து, கண்டியில் ஒரு தனியார் வைத்தியசாலையில் முதல் வேலை கிடைக்க ஐந்து மாதம் போனது. அரச தாதியர் கல்லூரியில் மூன்று வருடம் படிப்பவர்களுக்குச் சுகாதார அமைச்சு வழியாக நியமனம் வரும். வெளியில் படித்த நாம்தான் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டும்.

முதலில் உங்கள் பெயரைப் பாருங்கள். என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் முத்தையா, பாடசாலைச் சான்றிதழில் முத்து. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு இந்தக் கோளாறு இருக்கிறது. தாதியர் சபைப் பதிவுக்கும் வேலைக்கும் எல்லாப் பத்திரத்திலும் பெயர் ஒன்றாக இருந்தால்தான் நிம்மதி. சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து, திருத்த வேண்டியதைப் படிக்கும் காலத்திலேயே திருத்துங்கள். நான் பரீட்சை முடிந்த பிறகு தொடங்கியதில் இரண்டு மாதம் வீணாயிற்று.

முதல் நேர்முகத்தில் தோற்றேன். மேட்ரன் ஒரு நோயாளியின் விபரத்தைத் தந்து, “டியூட்டி மாறும்போது அடுத்த சிஸ்டரிடம் எப்படி ஒப்படைப்பாய்? சிங்களத்தில் சொல்” என்றார். பாடமெல்லாம் ஆங்கிலத்தில் தெரியும், வாய் திறக்கவில்லை. மலையகத்து வைத்தியசாலைகளில் டிக்கெட்டில், அதாவது நோயாளியின் விபரம் எழுதும் ஏட்டில், எழுதுவது ஆங்கிலம், வாட்டில் பேசுவது பெரும்பாலும் சிங்களம், கட்டிலில் கிடப்பவர்களில் பலர் தமிழர். இதை யாரும் எனக்கு முன்னாலேயே சொல்லித் தரவில்லை.

அதற்குப் பிறகு கம்பளையைச் சேர்ந்த என் அறைத்தோழி தினமும் இரவில் நோயாளியாகப் படுத்துக்கொள்வாள். “கொஹெத ரிதென்னே?” எங்கே வலிக்கிறது. “ஹுஸ்ம கன்ன அமாருத?” மூச்செடுக்கக் கஷ்டமா. கேட்டு, எழுதி, பிறகு நின்றபடியே சிங்களத்தில் ஒப்படைப்பேன். பெயர், வயது, ஏன் வந்தார், பிரஷர் எவ்வளவு, என்ன மருந்து கொடுத்தாயிற்று, எது பாக்கி. இலக்கணம் பிழைத்தாலும் பரவாயில்லை, ஒழுங்கு பிழைக்கக் கூடாது.

அடுத்த இடத்தில் கணக்குக் கேட்டார்கள். 1000 மில்லிலீட்டர் சேலைன், 8 மணித்தியாலம், ஒரு மில்லிலீட்டருக்கு 20 துளி விழும் சேலைன் குழாய் செட். நிமிடத்துக்கு எத்தனை துளி? 20,000 துளியை 480 நிமிடத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 42. கடதாசியில் எழுதிக் காட்டிவிட்டு, செக்கன் முள் உள்ள மணிக்கூட்டைப் பார்த்து 15 செக்கனுக்குப் பத்துப் பதினொரு துளி விழ வேண்டும் என்றும் சொன்னேன். அப்போதுதான் மேட்ரன் நிமிர்ந்து பார்த்தார். விடையோடு நிற்காதீர்கள், கட்டிலருகில் அதை எப்படிச் செய்வீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

ஓரிடத்தில் மூலச் சான்றிதழ்களை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை. நீங்களும் பிரதிகளை மட்டும் கொடுங்கள். ஒப்பந்தத்தில் எத்தனை வருடம், இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை வாசிக்காமல் கையொப்பம் வைக்காதீர்கள்.

வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரம், மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் வந்தார். டாக்டர் சிங்களத்தில் கேட்டதற்கெல்லாம் “ஹரி, ஹரி”, சரி, சரி என்று தலையாட்டினார். வயிற்றெரிச்சல் என்று டிக்கெட்டில் எழுதியிருந்தது. நான் பிரஷர் பார்க்கும்போது, “நெஞ்சு கம்முனு அடைக்குது புள்ள, எடது கை வேற கடுக்குது” என்று மெதுவாகச் சொன்னார். ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். உடனே ஈசிஜி எடுத்தார்கள், அன்றே இதயப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அதனால் தங்கச்சி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று நேர்முகத்தில் கேட்டால், தோட்டத்தில் பிறந்ததை மறைத்துக் குரலைத் தாழ்த்தாதீர்கள். “தோட்டத்து நோயாளிகள் வலியை எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், அதைச் சிங்களத்தில் டாக்டருக்குச் சொல்லவும் முடியும்” என்று நிமிர்ந்து சொல்லுங்கள்.