பேடா வேணுமா, வேண்டாமா?

மைசூருக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போக வேண்டும், அன்றைக்கு இரவு 7 மணிக்கு அரண்மனையில் விளக்கு போடுவார்கள் என்று பக்கத்து வீட்டு மாமி சொல்லியிருந்தார். சரி என்று அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

காலையில் செருப்பைக் கொடுத்துவிட்டு அரண்மனைக்குள் நுழைந்ததுமே அப்பா தூண்களையும் வளைவுகளையும் அண்ணாந்து பார்த்து, "என்னடா, நம்ம ஐகோர்ட் மாதிரியே இருக்கு" என்றார். முப்பது வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர், எதைப் பார்த்தாலும் கோர்ட்தான் ஞாபகம் வரும் என்று சிரித்தேன். போனில் தேடிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. 1897-இல் பழைய மர அரண்மனை எரிந்துபோன பிறகு இதை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். சென்னை ஐகோர்ட் கட்டியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. அப்புறம் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. முன்பின் தெரியாத குடும்பங்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார்.

மத்தியானம் தேவராஜா மார்க்கெட். கோபுரம் கோபுரமாகக் குவித்த குங்குமம், பந்து பந்தாகச் சுருட்டிய பூச்சரம். நஞ்சன்கூடு ரசபாளேயை ஒன்று உரித்துத் தின்ற அம்மா, "நம்ம ரஸ்தாளிதானே, பேர்தான் வேற" என்று தீர்ப்பு சொன்னார். தின்றது மூன்று.

வினை இனிப்புக் கடையில்தான் காத்திருந்தது. மைசூர்பாகு அரண்மனைச் சமையற்கட்டில் பிறந்த பலகாரம், அதை இங்கேதான் வாங்க வேண்டும் என்பது அம்மாவின் கொள்கை. அரைக் கிலோ நிறுத்துப் பெட்டியில் போட்டாயிற்று. அடுத்து அம்மா கண்ணாடிக்குள் இருந்த பால் பேடாவைக் காட்டி, "பேடா" என்றார்.

கடைக்காரர் மைசூர்பாகுப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பேட்வா?" என்றார் வருத்தமாக.

"ஆமாங்க, பேடா! பேடா!"

அவர் பெட்டியைத் திறந்து துண்டுகளைத் திரும்பத் தட்டில் அடுக்க ஆரம்பித்துவிட்டார். "ஏண்டா அதை எடுக்கிறார்? பேடா கேட்டது தப்பா?" என்று அம்மா பதற, பின்னால் நின்ற காலேஜ் பையன்தான் காப்பாற்றினான். கன்னடத்தில் 'பேட' என்றால் வேண்டாமாம், 'பேகு' என்றால்தான் வேண்டுமாம். எழுதிக் காட்டியிருக்கலாமே என்று நினைத்தேன். தமிழில் எழுதினால் இனிப்பு 'பேடா'வுக்கும் கன்னட 'பேட'வுக்கும் ஒரே 'பே'தானே!

இரவு 7 மணி. ஏறக்குறைய 1 லட்சம் பல்பும் ஒரே நொடியில் எரிய, கூட்டமே "ஓ" என்றது. அந்த நேரம் பார்த்து மயிலிறகு விசிறி விற்கும் பெண் ஒருத்தி வந்து நின்றாள். புதிதாகக் கற்ற கன்னடத்தைக் காட்ட அப்பாவுக்கு ஆசை. கையை வீசி, கம்பீரமாக, "பேட! பேட!" என்றார்.

"வேணாம்னா வேணாம்னே சொல்லுங்க ஐயா. எனக்கு சேலம்தான்."

அப்பா இரண்டு விசிறி வாங்கினார்.