பசங்கதான் தாத்தா

அந்த ஒப்புதல் தாள் என்னிடம்தான் இருக்கிறது. வீட்டு வரி ரசீதுகளோடு ஒரே பிளாஸ்டிக் கவரில். மேலே ஆங்கிலம், கீழே தமிழ், அடியில், எங்கள் பாலாறு பாடத்துக்குக் குரல் கொடுத்த பெரியவரின் கையெழுத்து. கைநாட்டுதான் வைப்பார் என்று நானாக நினைத்து மைப்பெட்டி எடுத்துப் போயிருந்தேன். அவர் பேனாவைக் கேட்டார். ஒவ்வோர் எழுத்தாகப் பெயரை எழுதிவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். தாளை ஒரு தடவை பார்த்தார். மறுபடி பேனாவை வாங்கி, கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்தார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“இத யாரு கேப்பாங்கமா?”

“பசங்கதான் தாத்தா.”

பொய் இல்லை. எங்கள் எட்டாம் வகுப்புப் பசங்களுக்காகத்தான் பாலாறு பாடத்தைச் செய்தோம். ஒன்பது நிமிட ஒலிப்பதிவு, பன்னிரண்டு பக்கக் கையேடு, ஆசிரியருக்கான குறிப்பு. ஆனால் “பசங்கதான்” என்பதில் இருக்கிற அந்த ‘தான்’ பொய். அது எனக்கு அப்போதே தெரியும். தெரியும் என்பதற்குச் சாட்சியே இருக்கிறது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் காட்பாடியில் ஓர் அறையில் உட்கார்ந்து, யார் வேண்டுமானாலும் கேட்கலாம், எடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம் என்று இரண்டு மணி நேரம் வாதாடி ஜெயித்திருந்தேன்.

எங்களோடு சேர்ந்து வேலை செய்தது பெங்களூரிலிருந்து வந்த ஒரு தொண்டு நிறுவனம். ஒலிப்பதிவுக் கருவி அவர்களுடையது, படம் வரைந்த பெண் அவர்கள் ஆள், அச்சுச் செலவும் அவர்களே. பாடம் எங்களுடையது. அவர்கள் பக்கம் பேசியவர் ஓசூர்க்காரத் தம்பி. பாடத்தை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று நாங்கள் எழுதிக்கொடுக்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ‘வணிகம் கூடாது’ என்ற நிபந்தனை இருக்கட்டும் என்றார். எனக்குக் கோபமே வந்தது. எங்கள் பள்ளி எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடை அண்ணன் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறாரே, அது வணிகமா? கட்டணம் வாங்குகிற தனியார் பள்ளியில் ஒரு டீச்சர் இதை நடத்தினால் அது வணிகமா? அந்த நிபந்தனை போட்ட எதையும் விக்கிப்பீடியாவுக்குப் படமும் ஒலியும் தருகிற விக்கிமீடியா காமன்ஸ் ஏற்காது, தமிழ் விக்கிப்பீடியாவில் பாலாறு கட்டுரையில்கூடப் போட முடியாது, டெல்லியில் 2013இல் தொடங்கிய தேசிய திறந்த கல்வி வளக் களஞ்சியமே ‘பெயர் சொல்லு, அதே உரிமத்தில் பகிர்’ என்பதோடு நிறுத்திக்கொண்டது, நாம் யார் அதற்கு மேல் பூட்டுப் போட என்றெல்லாம் கேட்டேன். திறந்த கல்வி வளம் என்றால் என்ன என்று யுனெஸ்கோ 2019 பரிந்துரை தரும் வரையறையை வாசித்தே காட்டினேன்.

தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். “நாளைக்கு ஒரு கோச்சிங் கம்பெனி இதை எடுத்துப் பணம் பண்ணினா, அந்த ஊர்க்காரங்ககிட்ட என்ன சொல்வீங்க மேடம்?”

“பண்ணட்டுமே. சும்மா கிடைக்கிறதை யார் காசு குடுத்து வாங்குவாங்க?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

யார் வாங்கினார்கள் என்பது போன வருடம் தெரிந்தது. பெரியவரின் பேத்தி. எங்கள் பள்ளியில் படித்த பெண், இப்போது குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிறாள். மாதச் சந்தா கட்டி ஒரு ஆப்பில் படிக்கிறாள். ஆறுகள் பற்றிய பாடம் தொடங்கும்போது நாற்பது விநாடி அவள் தாத்தாவின் குரல் வந்திருக்கிறது. பள்ளி வாசலில் வந்து நின்றாள்.

“நான் காசு கட்டி எங்க தாத்தா பேசறதக் கேட்டேன் மிஸ்.”

என்ன சொல்வது? நான் சொன்னேன். நிறையவே சொன்னேன். கிரியேட்டிவ் காமன்ஸ் என்றால் என்ன, அந்த நாற்பது விநாடியும் எங்கள் பக்கத்தில் இலவசமாகவே கிடக்கிறது, அவர்கள் காசு வாங்குவது மற்ற பாடங்களுக்கு என்று. ஒலிப்பதிவை ஓடும் படத்தோடு பொருத்தினாலே அது தழுவல் என்று நாங்கள் போட்ட ‘பெயர் சொல்லு, அதே உரிமத்தில் பகிர்’ 4.0 உரிமம் சொல்கிறது, ஆகவே அந்தக் காணொளியையும் அவர்கள் அதே உரிமத்தில்தான் தர வேண்டும், அதைக் கேட்டு நாங்கள் கடிதம் எழுதலாம் என்றுகூடச் சொன்னேன். கரும்பலகை ஒன்றுதான் இல்லை. (கடிதம் போனது. பதில் இன்னும் வரவில்லை. எனக்கும் அதில் அவ்வளவு அக்கறை இல்லை என்று இதை எழுதும்போது தெரிகிறது.)

அவள் முழுக்கக் கேட்டாள். “சரி மிஸ். கடைசில உங்க ஸ்கூல் பேரு வருது, பெங்களூர் பேரு வருது. தாத்தா பேரு எங்க?”

ஆப்காரர்கள் தப்புச் செய்யவில்லை. நாங்கள் கொடுத்த வரியை அப்படியே போட்டிருக்கிறார்கள். நாங்கள் கொடுத்த வரியில் ‘குரல்: ஊர்ப் பெரியவர்’ என்றுதான் இருக்கிறது. ஆக்கம் என்று என் பெயர் இருக்கிறது. படம் வரைந்த பெண்ணின் பெயர், ஒலித் தொகுப்பாளர் பெயர், பிழை திருத்திய தமிழாசிரியர் பெயர், எல்லாம் இருக்கிறது. உரிமத்தின் முதல் நிபந்தனையே பெயர் சொல் என்பது. எங்கள் பெயரைச் சொல்லச் சொல்லி ஊர் உலகத்துக்கு நிபந்தனை போட்டுவிட்டு, பேசியவர் பெயரை விட்டுவிட்டோம்.

அதற்கும் காரணம் இருந்தது. நல்ல காரணம் என்றே இன்றும் நினைக்கிறேன். நினைக்கிறேனா?

நாங்கள் அவரிடம் போனதே ஊற்றுக்கால்வாய்க்காகத்தான். கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, நம் மாநிலத்தில் 222 கிலோமீட்டர் என்று பாலாற்றைப் பசங்கள் ஒப்பிப்பார்கள். 2021 நவம்பர் வெள்ளத்தில் கரை தொட்டு ஓடியதைப் பாலத்தில் நின்று செல்பி எடுத்தும் இருக்கிறார்கள். மற்றபடி அவர்களுக்கு அது மணல். அந்த மணலுக்குள் தண்ணீர் ஓடியது, கோடையில் ஊரே கூடி ஆற்றுக்குள் கால்வாய் வெட்டினால் கசிந்து வந்து வயலுக்குப் பாய்ந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பள்ளிகொண்டா பக்கத்தில் அந்த வேலை செய்தவர் அவர். 2022 மே மாத வெயிலில், வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சொன்னார். “மம்ட்டி கூட வாணாம்மா. ஆத்துல கைய வுட்டு நோண்டுனா முழங்கை நனையும்.” சொல்லும்போது முழங்கையைப் பிடித்துக் காட்டினார். ஒலிப்பதிவில் அது இல்லை, ஆனால் எனக்கு ஒவ்வொரு முறையும் தெரிகிறது.

அப்புறம் நாங்கள் கேட்காமலே சொன்னார். “மொதல்ல கெணத்துத் தண்ணி உப்பு கரிச்சிது. அப்பால நெல்லு போச்சி. அப்பால நாங்களே டேனரிக்கு வேலைக்குப் போனோம்.”

இந்த மூன்று வாக்கியத்துக்காக நான் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் கிழித்துப் போடுவேன். தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு நம் ஊர்ப் பெயரில்தான் இருக்கிறது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம். மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கைக்காக நாடு முழுக்கச் சட்டம் படிக்கிறவர்கள் அதைப் படிக்கிறார்கள். எங்கள் பசங்களுக்குத் தெரியாது. கையேட்டின் ஏழாம் பக்கம் அந்தத் தீர்ப்பு. அதற்கு முன்னால் அவர் குரல். தீர்ப்பில் இல்லாத ஒன்று, அந்த மூன்றாவது வாக்கியத்தில் இருக்கிறது.

அதனால்தான் பெயர் வேண்டாம் என்றார்கள் பெங்களூர்க்காரர்கள். சின்ன ஊர், யாராவது சண்டைக்கு வருவார்கள், பேசியவர் பாதுகாப்பு முக்கியம், அது அவர்கள் நிறுவன விதி. நான் சரி என்றேன். உரிமத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசிய நான் பெயரைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. அவரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேசியே இருக்க மாட்டாரோ என்ற பயம் எனக்குள் இருந்திருக்கலாம். இப்போது யோசித்துக் கண்டுபிடித்த பயமாகவும் இருக்கலாம்.

உரிமம் என்பது பதிப்புரிமைக்கு மட்டும். ஒருவருடைய குரல், முகம், அந்தரங்கம் இவை அதற்குள் வராது, அதற்குத் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். அதையும் அந்த அறையில் பாடம் எடுத்தது நான்தான். அதற்காகத்தான் அந்தத் தாளே. அதில் ‘திரும்பப் பெற இயலாத’ என்று ஒரு சொற்றொடர் இருக்கிறது, ஆறாவது வரி. தாத்தாவுக்கு வாசித்துக் காட்டியபோது ஐந்தாவது வரியிலிருந்து ஏழாவதுக்குப் போனேன். வெயில், கொசு, மூன்றரை பஸ். காரணம் சொல்ல வேண்டும் என்றால் நிறைய இருக்கிறது.

பேத்தி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அவள் போனில் போட்டுக் காட்டினாள். பெரியவர் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, “இன்னா நான் இவ்ளோ வேகமா பேசறேன்?” என்றார். அவள் பாடங்களை ஒன்றரை வேகத்தில் வைத்துக் கேட்கிறவள். சரி செய்து மறுபடி போட்டாள். இப்போது தலையாட்டினார். காசு விஷயம் அவருக்குப் பெரிதாகப் படவே இல்லை. “பரீட்சைக்குப் படிக்கறதுங்களும் பசங்கதான?” என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த ‘தான்’ என்னைக் காப்பாற்றிவிட்டது என்று நினைத்தேன்.

பெயர் போடலாமா தாத்தா என்று கேட்டேன். மூன்று வருடம் கழித்துக் கேட்டேன்.

“போடுமா. அப்பன் வெச்ச பேரு, போட்டா இன்னா.” அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. “ஆனா அந்த டேனரி பேச்ச எடுத்துடு. பேரன் இப்ப அங்கதான் போறான்.”

போட்டது போட்டதுதான் தாத்தா, புதிதாக வெட்டிப் போடலாம், ஆனால் பழைய பதிவு எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது, புதியதில் உங்கள் பெயரைப் போட்டால் பழைய குரலுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். “பார்க்கிறேன் தாத்தா” என்றேன்.

என் கணினியில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. ஒன்றில் பெயர் இருக்கிறது, அந்த மூன்று வாக்கியம் இல்லை. எட்டு நிமிடம் இருபது விநாடி. கேட்டால் நல்ல பாடம்தான், ஆற்றில் தண்ணீர் இருந்தது, இப்போது இல்லை என்று முடிகிறது. ஏன் இல்லை என்று எந்தப் பிள்ளையும் கேட்காது. இன்னொன்று பழையது. ஓசூர்த் தம்பியிடம் கேட்டேன், முடிவு உங்களுடையது மேடம் என்றுவிட்டார். அன்றைக்குச் சொன்னதை அவர் ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்தியிருந்தால் தேவலை.

இந்த வருடமும் எட்டாம் வகுப்புக்குப் பழையதைத்தான் போட்டேன். “ஆத்துல கைய வுட்டு” என்று வரும்போது முன் பெஞ்சில் ஒரு பையன் தன் முழங்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

போன வாரம் பேத்தியிடமிருந்து வாட்ஸப் வந்தது. ‘மிஸ், தாத்தா பேரு போட்டாச்சா?’

‘பார்க்கிறேன்மா’ என்று பதில் போட்டேன். உடனே இரண்டு நீல டிக் விழுந்தது.