கடலோர வீடு: பத்திரம் சுலபம், பட்டாதான் படுத்தியது

நாகைக்கும் பூம்புகாருக்கும் நடுவில், கடலோரமாக ஒரு வீட்டைக் கைமாற்றிக் கொடுத்த அனுபவம் இது. ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஆபீஸ் படியை நான் இன்னும் ஏற வேண்டியிருக்கிறது; மனைத் தரகுதான் பிழைப்பு.

வாங்கியவர் கும்பகோணம் பக்கத்து ஓய்வு பெற்ற வாத்தியார். விற்றவர் அந்த ஊர் அப்பாயி ஒருத்தர்; கூட வாரிசான தம்பி சிங்கப்பூரில். ஓட்டு வீடு, கொல்லையோடு சேர்த்து முப்பது குழி. எங்கள் பக்கம் குழி என்றால் 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா. ஊர் வாயில் குழி, பத்திரத்தில் சதுர அடி, பட்டாவில் ஏர் (நூறு சதுர மீட்டர்). முப்பது குழி என்பது 4,320 சதுர அடி, ஏறக்குறைய 4 ஏர். மூன்றையும் ஒரே தாளில் எழுதி இரண்டு தரப்பிடமும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சர்வேயர் வரும் அன்று சண்டை நிச்சயம்.

விலை ஒரே உட்காரலில் படிந்தது. மீனவர் ஊர்த் தலைவரான நாட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டோம். சட்டத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. ஆனால் மீனவர் தெருவில் வெளியாள் குடியேறும்போது ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தெரியாமல் செய்வது முறையில்லை. நாளைக்குத் திருவிழா வரி கொடுத்து அவர்களோடு இருக்கப் போகிறவர் வாத்தியார்தானே.

சொத்தின் மேல் கடனோ வேறு பத்திரமோ பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்று போட்டால் சுத்தம். பெரும்பாலான சார்பதிவாளர் ஆபீஸ்களுக்கு 1975-இலிருந்து ஆன்லைனிலேயே பார்க்கலாம். அப்பாயியின் அப்பா வாங்கிய பத்திரம் அதற்கும் முந்தியது. அதில் 'தஞ்சாவூர் ஜில்லா' என்று இருக்கும். நாகை தனி மாவட்டமானதே 1991-இல்தான். பழைய காலத்துக்கு மனுப் போட்டு, கையால் தேடி வாங்கினோம். ஒன்றைக் கவனியுங்கள்: பழைய சர்வே நம்பர், புது நம்பர் இரண்டுக்கும் வில்லங்கம் போட வேண்டும். ஒன்றுக்கு மட்டும் போட்டுவிட்டு 'வில்லங்கம் இல்லை' என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

இடி விழுந்தது பட்டாவில். இணையத்தில் எடுத்துப் பார்த்தால் பக்கத்துக் கொல்லைக்காரர் பெயர். வீடு இருந்தாலும் பதிவேட்டில் அது நத்தம் (குடியிருப்பு நிலம்) இல்லை, புஞ்சை. எண்பதுகளில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க யூ.டி.ஆர். கணக்கெடுப்பு நடந்தபோது யாரோ ஒரு வரி தள்ளி எழுதியிருக்கிறார்கள். அப்பாயியிடம் பழைய பட்டாப் புத்தகம் இருக்கிறது, தீர்வை ரசீது இருக்கிறது, வீட்டு வரி ரசீது இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஆள் இல்லை. பக்கத்துக் கொல்லைக்காரருக்கே இது தெரியாது. "எனக்கு எதுக்குய்யா அது, எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன்" என்றார் நல்ல மனுஷன். பட்டா திருந்தாமல் பாக்கிப் பணம் ஒரு பைசா நகரக் கூடாது என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டேன்.

யூ.டி.ஆர். பிழை வட்டாட்சியர் மட்டத்தில் தீராது. கோட்டாட்சியர், டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) என்று மேலே போக வேண்டும். ஆனால் கீழிருந்து அறிக்கை போகாமல் மேலே ஒன்றும் அசையாது. அங்கேதான் மாட்டினோம். செக்‌ஷனில் இருந்த கிளார்க்கிடம் எப்போது போனாலும் மூன்று பதில்தான்: "சார் கேம்ப் போயிருக்காரு", "சர்வர் டவுன்", "திங்கக்கிழமை வாங்க". ஒரு திங்கட்கிழமை போனபோது, "எண்பதுலயே முடிஞ்ச விஷயத்த இப்ப வந்து கிளறுறீங்களே" என்றார், ஏதோ நாங்கள்தான் எழுதிக்கொண்ட மாதிரி. அப்பாயி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "ஏன்டா தம்பி, எங்கப்பா பேரு போட்ட கடுதாசிய நான் வச்சிருக்கேன், அவங்கள்ட்ட இல்லன்னா அது யாரு தப்பு?" பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிறகு பார்த்தால், எங்கள் மனுவே வேறு பிர்க்கா (வருவாய்க் கிராமங்களின் தொகுப்பு) கட்டில் கிடந்தது.

வழி திறந்தது ஜமாபந்தியில். வருஷா வருஷம் கோடையில் வட்டாட்சியர் அலுவலகத்தில் மேலதிகாரி உட்கார்ந்து கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வார். அன்றைக்கு மனுவைக் கையில் கொடுத்தால் பதிவேட்டில் ஏறும், நம்பர் விழும், பிறகு யாரும் 'கிடைக்கவில்லை' என்று சொல்ல முடியாது. 'அ' பதிவேட்டு (கிராம நில விவரப் பதிவேடு) நகல், புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), பழைய பட்டா, தாய்ப்பத்திரம், பக்கத்துக்காரரின் சம்மதக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொடுத்தோம். உங்கள் கிராமத்துக்கு எந்த நாள் என்று வி.ஏ.ஓ.விடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதன்பின் அளவை. தெருவில் ஒரு சர்வே கல் இல்லை. 2004 சுனாமியில் போனது பாதி, மணலில் புதைந்தது மீதி. ஊருக்கு மேற்கே வயலோரம் நின்ற ஒரு கல்லிலிருந்து சங்கிலி பிடித்து வந்தார்கள். நான்கு பக்கத்துக்காரர்களும் நிற்க வேண்டும். இங்கே கடலோரத்துக்கென்று ஒரு யோசனை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் அப்போதுதான் பகலில் கரையில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் நோட்டீஸ் வாங்க வேண்டியவர் கடலில் இருப்பார்.

தம்பி தன் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுத்த பத்திரம், அதாவது பவர், தனிக் கதை. சிங்கப்பூரில் இந்திய ஹை கமிஷனில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். வந்த தேதிக்குச் சாட்சி கூரியர் கவர்தான், தூக்கிப் போடாதீர்கள். கவர் பத்திரமாக இருந்தது. ஆனால் வாரிசுச் சான்றில் தம்பிக்கு அப்பா பெயர் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். இரண்டும் ஒரே ஆள் என்று உறுதிமொழி எழுதி மறுபடி அங்கிருந்து வரவழைத்தோம்.

இத்தனைக்கும் நடுவில் வாத்தியார் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது "மாடியில ஒரு ரூம் எடுத்தா காத்து வருமா?" என்றுதான். காற்று வரும் சார், அனுமதிதான் வராது. கிராமப்புறக் கடற்கரையில் உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லை) 200 மீட்டருக்குள் பொதுவாகப் புதுக் கட்டடம் எழுப்ப முடியாது. ஏற்கெனவே முறைப்படி இருக்கும் வீட்டை அதே அளவில் பழுது பார்க்கலாம், அவ்வளவுதான். பத்திரம் பதியும் இடத்தில் இதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். கடல் கண்ணுக்குத் தெரியவில்லை என்று உப்பனாற்றுக் கரையில் வாங்குகிறவர்களும் பார்க்க வேண்டும். அலையேறும் ஆற்றோரமும் இந்தக் கட்டுப்பாட்டில் வரும். நான் இதைச் சொன்னபோது, சொல்லாத தரகர் யாராவது கிடைப்பாரா என்று வாத்தியார் விசாரித்ததும் எனக்குத் தெரியும்.

அவர் கேட்காததைக் காட்டினேன். அடிபம்பில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். முகம் போன போக்கே போதும். பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பி துரு ஏறி உதிர்வதைக் காட்டினேன். கருவாடு காயும் நேரத்தில் கூட்டிப் போனேன். ஐப்பசி கார்த்திகை மழையில் தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்காமல் டெல்டாவில் மனை வாங்காதீர்கள், சித்திரையில் எல்லா மனையும் மேடுதான். வாத்தியாரின் மனைவி டீச்சரம்மாவுக்கு மட்டும் ஒரு குறையும் தெரியவில்லை. வாசலில் கூடை இறக்கிய அம்மாவிடம் அன்றைக்கே சங்கரா மீன் விலை பேசிக்கொண்டிருந்தார்.

திருத்திய பட்டா வந்தது. பதிவு ஒரே காலையில் முடிந்தது. டீச்சரம்மா பெயரில் பதிந்தோம். 10 லட்சம் மதிப்புக்குள் என்றால் பெண்கள் பெயரில் பதிவுக் கட்டணம் 1 சதவீதம் குறைவு, 2025 ஏப்ரல் 1 முதல். நிலத்தைத் துண்டாக்கும் உட்பிரிவு இல்லாததால் பட்டா தானாகவே மாறியது. அந்தக் கிளார்க் முகத்தை மறுபடி பார்க்காமல் தப்பித்தது எனக்குத் தரகுப் பணத்தைவிடப் பெரிய ஆறுதல்.

கரண்ட் கனெக்‌ஷன் மட்டும் இன்னும் அப்பாயியின் அப்பா பெயரில் இருக்கிறது. வாத்தியார் முந்தாநாள் போன் செய்தார். பத்திர நகலும் புது வரி ரசீதும் ஸ்கேன் செய்து வையுங்கள் சார், அதை ஆன்லைனிலேயே போட்டுவிடலாம் என்றேன்.