டக்ரோலிமஸ் லெவல் பார்க்கப் போய் அலைந்த கதை

சிறுநீரகம் மாற்றியது, தையல் வெட்டியது, ஸ்டென்ட் எடுத்தது எல்லாம் சொன்னபடி நடந்தது. எங்களை அலைக்கழித்தது அதற்குப் பிறகு வந்த ஓர் இரத்தப் பரிசோதனை: புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்கப் போடும் டக்ரோலிமஸ் குளிசை இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் 'லெவல்'.

மட்டக்களப்பிலிருந்து கண்டிக் கிளினிக்குக்கு விடியப்புறம் பஸ் ஏற வேண்டும். "காலைக் குளிசையை வழக்கம்போலப் போட்டுட்டு வாங்கோ" என்று ஒரு மிஸ் (தாதி) சொல்லிவிட்டார். பிழைத்தது அங்கேதான். முந்தின டோஸ் போட்டு 12 மணித்தியாலம் கழித்து, அடுத்ததைப் போடுமுன் எடுத்தால்தான் அந்த லெவலுக்கு அர்த்தம். குளிசை போட்டு இரண்டு மணித்தியாலத்தில் எடுத்தால் உச்சத்தைக் காட்டும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் உடம்பு சிறுநீரகத்தை நிராகரிக்கப் பார்க்கும். டொக்டர் குளிசை போட்ட நேரத்தை விசாரித்தபடியால் தப்பினோம். பயணம் வீண்.

அடுத்த முறை ஊரிலேயே கொடுத்தோம். சீரம் பிரிக்கும் மஞ்சள் மூடிக் குழாயில் எடுத்துவிட்டார்கள்! இந்த மருந்து பெரும்பாலும் செங்குழியங்களுக்குள்தான் தங்கும். சீரத்தைப் பிரித்து அளந்தால் ஒன்றும் தெரியாது. இரத்தம் உறையாமல் வைக்கும் ஊதா மூடி ஈடிடிஏ குழாய், முழு இரத்தம்: பக்கத்தில் நின்று பாருங்கோ. கடைசி டோஸ் நேரத்தையும் இரத்தம் எடுத்த நேரத்தையும் துண்டில் எழுதுவியுங்கோ. டொக்டரிடம் கேட்டு, குளிசை நேரத்தைக் காலை 9, இரவு 9 என்று வைத்துக்கொண்டால் கிளினிக் நேரத்தோடு பொருந்தும்.

ஏன் இவ்வளவு கறார்? புதுச் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய வெண்குழிய வகையான டி குழியங்களை டக்ரோலிமஸ் கொல்வதில்லை. உள்ளே கல்சினியூரின் என்ற நொதியத்தை மறிக்கிறது. பெருகச் சொல்லித் தூண்டும் ஐஎல்-2 என்ற புரதம் சுரப்பது குறைந்து, அவை பெருகாமல் கிடக்கின்றன. லெவல் இறங்கினால் அவை திரும்ப எழும்பும். கூடவே தரும் மைக்கோபீனோலேட் என்ற மருந்து டி, பி என்ற இரண்டு வகை வெண்குழியங்களும் பெருகத் தேவையான மூலப்பொருளை வெட்டுகிறது. பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை போடுபவரின் வெண்குழிய எண்ணிக்கை கிருமி இல்லாமலே ஏறும், நியூட்ரோபில் என்ற வெண்குழிய வகை கூடுவதால். எண்ணிக்கை ஏறியது குளிசையால்தானே என்று காய்ச்சலை மட்டும் அசட்டை பண்ணாதீங்கோ. வயல் சேற்றில் மெலியோய்டோசிஸ் என்ற கடும் தொற்றுநோயின் கிருமி இருக்கிற நாடு இது. வெறுங்காலோடு வரம்பில் இறங்கவே வேண்டாம்.

தொண்டை நோவுக்கு டிஸ்பென்சரியில் தரும் எரித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும், பூஞ்சணத்துக்குத் தரும் புளுகொனசோலும் லெவலைக் கிடுகிடுவென ஏற்றும். ஜம்போலாப் (பம்பளிமாஸ்) பழமும் அப்படித்தான். வயிற்றோட்டம் வந்தால் மருந்து வெளியேறிவிடும் என்று நினைப்போம். டக்ரோலிமஸ் லெவல் ஏறத்தான் செய்யும், ஏனென்றால் குடலில் அதை உடைக்கும் நொதியங்கள் குறைந்துவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் நேரெதிர், அடியோடு இறக்கிவிடும். நோவுக்கு டைக்ளோபினாக் கூடவே கூடாது, டக்ரோலிமஸோடு சேர்ந்து சிறுநீரகத்துக்கு இரட்டை அடி.

பார்மசியில் பெட்டியை வாசித்து வாங்குங்கோ. நாளுக்கு இரு தரம் போடுவதற்குப் பதில் ஒரு தரம் போடும் நீடித்த வகை கைமாறி வரும், மில்லிகிராம் ஒன்றாகவே இருக்கும். மாரியில் வெள்ளம் றோட்டை மறிக்கும் காலத்துக்கு இரண்டு கிழமைக் குளிசையாவது மேலதிகமாகக் கையில் இருக்கட்டும். கார்த்திகை பிறக்குமுன்னே கிளினிக்கில் கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கோ.